எம்எஸ்கே144: எரிகல் சிதறல் போட்டிகளில் பல வருடப் பழக்கம்

அமெச்சூர் ரேடியோவில், எரிகல் தடத்தில் அலையைத் தெறிக்கவைத்துத் தொடர்புகொள்ளும் எரிகல் சிதறலுக்கு எந்த மோட் (சிக்னலை அனுப்பும் முறை) நல்லது என்று இப்போது யாரும் பெரிதாக விவாதிப்பதில்லை. 144 மெகாஹெர்ட்ஸானாலும் (இரண்டு மீட்டர்) 50 மெகாஹெர்ட்ஸானாலும் (ஆறு மீட்டர்) பெரும்பாலும் எம்எஸ்கே144 என்ற டிஜிட்டல் மோட்தான். 2016 கடைசியில் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் நிரலின் 1.7 பதிப்போடு வந்ததிலிருந்து அதையே வைத்திருக்கிறேன். சாதாரண நாளில் அது எப்படி என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். போட்டியில் எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கேட்பதில் அதற்கு நூற்றுக்கு நூறு தரலாம். தொடர்பை முடிக்கும் பொறுப்பையும் அதனிடமே விட்டால் லாக்கில் (தொடர்புப் பதிவேட்டில்) பாதிதான் தேறும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. எரிகல் தரையிலிருந்து சுமார் 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் எரியும்போது அயனித் தடம் ஒன்றை விட்டுச் செல்கிறது. விஎச்எஃப் (30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ்) அலை அதில் பட்டுத் திரும்பினால் 2,000 கிலோமீட்டரைத் தாண்டியும் ஆளைப் பிடிக்கலாம். ஆனால் இரண்டு மீட்டரில் அந்த வாய்ப்பு பெரும்பாலும் ஒரு விநாடியில் பத்தில் சில பங்குதான். தடம் நீடிக்கும் நேரம் அலைநீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஆறு மீட்டரில் அதே தடம் எட்டு மடங்கு நேரம் தாங்கும். பழக வேண்டுமென்றால் அங்கே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

இந்தச் சின்ன இடைவெளிக்காகவே செய்தது எம்எஸ்கே144. ஒரு முழுச் செய்தியும் 72 மில்லிவிநாடியில் போய்விடும். 15 விநாடிச் சுற்று அனுப்பி அடுத்த சுற்று கேட்கும் முறையில் அதே செய்தி 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்பப் போகிறது. எதிர்முனையில் அதில் ஒன்று முழுசாகக் கிடைத்தால் போதும். அதற்கு முன் நாங்கள் பயன்படுத்தியது 2001-ல் ஜோ டெய்லர் வெளியிட்ட எஃப்எஸ்கே441. பல்சர் ஆய்வுக்காக 1993-ல் இயற்பியல் நோபல் பெற்ற அதே டெய்லர்தான். அதில் எழுத்துகள் துண்டு துண்டாக வரும். பாதி அழைப்புக்குறி (நிலையத்தின் அடையாளம்), ஒரு குப்பை எழுத்து, ஒரு 'ஆர்' ('கிடைத்தது'), அப்புறம் ஒரு '27' (சிக்னல் ரிப்போர்ட்). இதையெல்லாம் ஒட்டவைத்து 'இவர்தான்' என்று முடிவு செய்வது நம் வேலை. எம்எஸ்கே144-ல் அந்தப் பேச்சே இல்லை. பிழை சரிபார்ப்பில் தேறினால் முழு வரி, தேறாவிட்டால் ஒன்றுமே இல்லை. இதனால் தப்பான அழைப்புக்குறி லாக்கில் ஏறுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்தத் துண்டுகளைப் பார்த்து 'ஆள் அங்கேதான் இருக்கிறார், இன்னும் கொஞ்சம் பொறு' என்று தெரிந்துகொள்ளும் சுகமும் கூடவே போய்விட்டது. எனக்கு அது ஒரு இழப்பாகத்தான் தெரிகிறது.

ஒரு தொடர்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பெர்சியட் எரிகல் பொழிவு, விடியப் போகும் நேரம், இரண்டு மீட்டர். என் சிக்யூவுக்கு (எல்லோருக்குமான அழைப்புக்கு) ஒரு பிங்கில் (தடத்தில் பட்டு வரும் சிறு தெறிப்பில்) பதில் வருகிறது: அழைப்புக்குறிகள், நான்கெழுத்து லாகேட்டர் (இடக் குறியீடு). நிரல் உடனே ரிப்போர்ட் அனுப்பத் தொடங்குகிறது. அடுத்த சுற்றில் ஒன்றுமில்லை. அதற்கடுத்த சுற்றில் வேக வரைபடத்தில் பச்சைக் கோடு மெல்லியதாக ஒரு முள் போல எழும்பி இறங்குகிறது, டிகோட் இல்லை. அந்த முள்ளின் மேலேயே மவுஸை வைத்துச் சொடுக்கினால் நிரல் அந்த இடத்தை மறுபடி அலசிப் பார்க்கும். சில சமயம் வரி விழும், இந்த முறை விழவில்லை. இன்னும் சில நிமிடம் வெறும் இரைச்சல். பிறகு ஒரு பெரிய தடம் விழுந்து ஒரு விநாடிக்கும் மேல் நிற்கிறது. அவருடைய 'ஆர்' சேர்ந்த ரிப்போர்ட் வரிசையாக நாலைந்து தடவை திரையில் விழுகிறது. இப்போது என் முறை, ஆர்ஆர்ஆர் ('எல்லாம் கிடைத்தது').

பிரச்சினை தொடங்குவது இங்கேதான். எனக்கு வேண்டியதெல்லாம் வந்துவிட்டது, என் பக்கம் கணக்கு முடிந்தது. ஆனால் அவருக்கு என் ஆர்ஆர்ஆர் கிடைக்கும் வரை அவர் பக்கம் முடியவில்லை. அது கிடைத்ததா என்று எனக்குத் தெரிய ஒரே வழி அவருடைய 73 (விடைபெறும் வாழ்த்து) வருவதுதான். அதுவும் ஒரு பிங்கின் தயவில் வர வேண்டும். போட்டி அவசரத்தில் பலரும் ஆர்ஆர்ஆரை ஒரு சுற்று அனுப்பிவிட்டு, லாக் செய்து, அடுத்த சிக்யூவுக்குத் தாவிவிடுகிறார்கள். மறுமுனையில் ஒருவர் கால் மணி நேரம் 'ஆர்' ரிப்போர்ட்டை அனுப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நேர்மையானவர் என்றால் அவர் லாகில் அந்தத் தொடர்பே இருக்காது. முடிவில் லாக் சரிபார்க்கும்போது தாவியவருக்கும் புள்ளி போய்விடும்.

இதற்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. தானாக அடுத்த செய்திக்கு நகரும் வசதி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. எப்போது நகரக் கூடாது என்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். நான் வைத்திருக்கும் வழக்கம் இது: 73 வரும் வரை, அல்லது அவர் வேறொருவரை அழைப்பதோ சிக்யூ போடுவதோ காதில் விழும் வரை, ஆர்ஆர்ஆரை விடுவதில்லை. பொழிவு உச்சத்தில் இருந்தால் இதற்கு ஆகும் நேரம் சில நிமிடம். மந்தமான மாலையில் இது வயிற்றெரிச்சல்தான், சந்தேகமே இல்லை. ஆனாலும் லாகில் தேறும் தொடர்புகள் கூடியது இந்த வழக்கத்தால்தான், பெருக்கியை மாற்றியதால் அல்ல.

அடுத்தது முதல் சுற்று, இரண்டாம் சுற்று விவகாரம். ஒரே பகுதியில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே சுற்றில் அனுப்பி ஒரே சுற்றில் கேட்க வேண்டும். ஒருவர் மாற்றிப் போட்டால் பக்கத்தில் இருப்பவர்களின் ரிசீவர் அடைபட்டுவிடும். ஒரு போட்டியில் அருகிலிருந்த ஒரு நிலையம் இரவு முழுக்க எதிர்ச்சுற்றில் அனுப்பியது. எங்களில் பலருக்கும் அந்த இரவு வீண். கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். இணையம் கிடைக்காத குன்றுக்குப் போகிறவர்கள் ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்றைக் கூட எடுத்துப் போவது நல்லது.

கூட்டமான நேரத்தில் பொது அலைவரிசையிலேயே எல்லோரும் குவிவது இன்னொரு தலைவலி. சிக்யூவிலேயே கேட்கும் அலைவரிசையைச் சொல்லும் வசதி நிரலில் இருக்கிறது. கூட்டம் குறையாததற்குக் காரணம் அதைப் பயன்படுத்தும் ஆட்கள் குறைவு என்பதுதான்.

ஆன்டெனா விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. நீளமான யாகி (ஒரு திசையை நோக்கும் ஆன்டெனா) நான்கை அடுக்குவது, நிலாவில் அலையைத் தெறிக்கவைக்கும் நிலா எதிரொலிக்கு நல்லது, இதற்கு அவசியமில்லை. எரிகல் தடங்கள் நேர்ப்பாதையின் இரு பக்கமும் சற்று விலகித்தான் அதிகம் கைகொடுக்கும். குறுகிய கற்றை அவற்றைத் தவறவிடும். இன்னொன்று, தூரத்துக்குத் தக்க உயரக் கோணம். 100 கிலோமீட்டர் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 2,000 கிலோமீட்டர் தொடர்புக்கு நடுவழித் தடம் அடிவானத்துக்கு ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். 1,000 கிலோமீட்டருக்கு அது சுமார் 9 டிகிரி, 700-க்கு 14 டிகிரி. ஆன்டெனாவைப் படுக்கையாகவே வைத்துக்கொண்டு 'பக்கத்து ஆட்கள் கிடைக்கவில்லை' என்று புலம்புவதில் அர்த்தமில்லை. நடுத்தர நீள யாகி ஒன்று, சற்றே தூக்கி வைத்தது, ஒரு போட்டிக்குத் தாராளம்.

நேரமும் திசையும் பற்றி: பொழிவு இல்லாத நாளிலும் உள்ளூர் நேரம் காலை 6 மணியை ஒட்டித்தான் எரிகற்கள் அதிகம், ஏனென்றால் பூமி ஓடும் திசையின் முன்பக்கத்தில் அப்போது நாம் இருக்கிறோம். மாலை 6 மணி வறண்ட நேரம். போட்டியில் தூங்க வேண்டுமென்றால் அப்போது தூங்குங்கள். பொழிவின் மையம் (எரிகற்கள் புறப்படுவதுபோல் தெரியும் இடம்) வடகிழக்கில் இருந்தால் வடமேற்கு–தென்கிழக்குப் பாதைகள் நன்றாக ஓடும். இதைப் பார்க்காமல் ஒரே பக்கம் ஆன்டெனாவைத் திருப்பி வைத்துக் காத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. பெர்சியட் எரிகல் விநாடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, ஜெமினிட் 35. ஆனால் போட்டிக்கு டிசம்பரின் ஜெமினிட்தான் எனக்குப் பிடித்தது. அதன் மையம் இரவின் பெரும்பகுதி வானில் நிற்கும், விடியலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பெருக்கியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாதி நேரம் முழுத் திறனில் அனுப்புகிறது, மணிக்கணக்கில் இதே கதி. விசிறியைச் சுத்தம் செய்யுங்கள், திறனைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள்.

மென்பொருளில் பலரும் தொடாத ஒன்று ரிசீவரின் கட்ட (ஃபேஸ்) விலகலை அளந்து சரிசெய்யும் வசதி. வடிகட்டி செய்யும் கோணலை அது நேராக்கும். வலுவான, சுத்தமான ஒரு சிக்னல் கிடைக்கும்போது ஒரு முறை அளந்து வைத்துவிட்டால் போதும். என் ரேடியோவில் பலவீனமான பிங்குகளில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. உங்கள் ரேடியோவின் வடிகட்டி ஏற்கெனவே நேராக இருந்தால் பெரிய மாற்றம் இராது.

வரும் ஜெமினிட்டில் ஆன்டெனாவை 8 டிகிரியில் நிரந்தரமாகத் தூக்கி வைத்து, நடுத்தூரத்து ஆட்களை மட்டும் குறிவைத்துப் பார்க்கப் போகிறேன்.