பழகினால் சரியாகிவிடும் என்றார்கள்

முதன்முதலாகப் பழைய பைக் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். லைசென்ஸ் கைக்கு வந்த சூட்டோடு சூடாக நான் ஏமாந்த கதை இது.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டியைப் பளபளவென்று துடைத்து, ஸ்டார்ட் செய்து ஓடவிட்டே வைத்திருந்தார் விற்றவர். "சத்தத்தைக் கேளுங்க தம்பி, மணி மாதிரி இருக்கு" என்றார். கேட்டேன், இருந்தது. நான் வருவதற்கு முன்பே என்ஜினை ஏன் சூடாக்கி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் காலையில்தான் தெரிந்தது. பதினைந்து உதைக்குப் பிறகு ஒருவழியாகப் பிடித்தது, பின்னால் நீலப் புகை. குளிருக்கு வருகிற வெள்ளைப் புகை என்றால் கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். இது ஆயில் எரிகிற புகை. ஆயில் மேலேறி எரியாமல் தடுக்கிற பிஸ்டன் ரிங் தேய்ந்து போயிருந்தது. புகையை அமுக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள் என்பது அதை வடித்தபோது தெரிந்தது.

சரி, புகைக்காவது செலவு செய்து தீர்த்துக்கொள்ளலாம். நான் உண்மையில் எழுத வந்தது ஹேண்டிலைப் பற்றி.

வாங்குவதற்கு முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகப் போகும்போது வண்டி நேராக நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. திரும்பி வந்து சொன்னேன். "புதுசா ஓட்டுறீங்கல்ல, பழகப் பழகச் சரியாயிடும்" என்று சிரித்தார். நம்பிவிட்டேன். புதிதாக ஓட்டுகிறவனிடம் விற்பவருக்கு இருக்கிற பெரிய வசதியே இதுதான்: வண்டியில் என்ன கோளாறு இருந்தாலும் அவன் தன்னைத்தான் சந்தேகப்படுவான். இரண்டு மாதம் காலி மைதானத்தில் எட்டுப் போட்டுப் பழகினேன். பேலன்ஸ் வராத ஜென்மம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு மெக்கானிக் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன் சக்கரம் தரையில் படாதபடி பின்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "ஹேண்டிலை ஒரு விரலால மெதுவா தள்ளுங்க" என்றார். தள்ளினேன். நடுவில் வந்ததும் பள்ளத்தில் விழுந்த கோலி மாதிரி 'டக்'கென்று உட்கார்ந்தது. அதைத் தாண்டித் தள்ளக் கொஞ்சம் அழுத்தம் வேண்டியிருந்தது. ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்கான கோன் செட்டில் குண்டுகள் ஒரே இடத்தில் குழி போட்டிருந்தன. நேராக ஓட்டும்போதெல்லாம் ஹேண்டில் அந்தக் குழியில் சிக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

"முன்னால பலமா இடிச்சிருக்கு" என்றவர், டேங்குக்குக் கீழே டார்ச் அடித்துக் காட்டினார். ஹேண்டில் அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கிற ஸ்டாப்பர் ஒரு பக்கம் நசுங்கி, அதன்மேல் புது பெயின்ட் பூசியிருந்தது. முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கும் லேசாக வளைந்திருந்தது. பிறகுதான் மற்றதெல்லாம் என் கண்ணில் பட்டது. பிரேக் லீவர் புதுசு, கிளட்ச் லீவர் பழசு. வலது கண்ணாடி புதுசு, இடது கண்ணாடி மங்கல். வலது பக்கம் மட்டும் எல்லாமே புதுசு! வாங்கும்போது அதைப் பார்த்து, நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டிருந்தேன்.

மீட்டரில் 14,000 கிலோமீட்டர் காட்டியது. ஃபுட்ரெஸ்ட் ரப்பரோ அந்த ஓட்டத்துக்குப் பொருந்தாத அளவுக்கு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அதைக் குனிந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் தயாரானது. என் வண்டி டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கிற மேடுகள்) நிறையவே இருந்தது, ஆனால் ரப்பர் கல்லாகி, ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தது.

சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் பதிவுப் புத்தகத்தோடு சரிபார்த்தேன். நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். அதுவும் அப்பா சொல்லிவிட்டதால்.

விற்றவருக்கு போன் செய்தேன். "ஓட்டிப் பார்த்துத்தானே வாங்குனீங்க?" என்றார். வாயடைத்துப் போனேன், ஓட்டிப் பார்த்தது உண்மைதானே. அதன்பிறகு அவர் போனையே எடுக்கவில்லை.

கோன் செட் மாற்றியாகிவிட்டது. வளைந்த ஃபோர்க்குக்கு இன்னும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் நண்பன் ஒருவன் வண்டி பார்க்கக் கூப்பிட்டான். நாங்கள் வருகிற வரை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம் என்று விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிடச் சொன்னேன். போனதும் முதல் வேலையாக என்ஜினில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டோம்.