குட்டியானையில் வந்த நீலச் செம்பருத்தி

ஆடி பிறந்தால் எங்கள் திருச்சித் தெருக்களில் செடி வண்டிகள் வர ஆரம்பித்துவிடும். குட்டியானை வண்டி, பின்னால் பலகை அடித்து மூன்று தட்டு, மேலே ஒலிபெருக்கி. "ரோஜாச் செடி, மல்லிச் செடி, ஒட்டுச் செம்பருத்தி, குரோட்டன்ஸ்..." போன வருடம் அப்படி வந்த ஒரு வண்டியில் 2,150 ரூபாய் கொடுத்து ஆறு செடி வாங்கினேன். மூன்று செம்பருத்தி, இரண்டு இட்லிப்பூ, ஒரு காகிதப்பூ. இதில் காகிதப்பூ ஒன்றுதான் சொன்னபடி பூக்கிறது. பணம் போனது ஒரு பக்கம். வீட்டில் பதினைந்து வருடத்துக்கு மேலாக நின்ற ஒரு செடியும் இதனால் போய்விட்டது. இந்த ஆடியிலும் வண்டிகள் கிளம்பிவிட்டன, அதனால்தான் எழுதுகிறேன்.

விற்றவருக்கு முப்பது வயது இருக்கும். நல்ல பேச்சு. "எல்லாம் கடியம் மால்க்கா. தண்ணி மட்டும் ஊத்துங்க, வருஷம் பூரா பூக்கும்." கடியம் ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர், நாற்றுப் பண்ணைகளுக்குப் பேர்போனது. அங்கிருந்து லாரி லாரியாகச் செடி வெளியூர்களுக்குப் போகிறது. அந்த ஊர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வண்டியில் நிற்கும் செடி அங்கிருந்துதான் வந்ததா, நேற்று ராத்திரி யார் வீட்டு வேலியிலிருந்தாவது வந்ததா என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் நீலச் செம்பருத்தி. 600 ரூபாய், பேரம் பேசி 550. செடியில் ஒரே ஒரு பூ, மயில் கழுத்து மாதிரி நீலம். நான் வாங்கியது சாயங்காலம் ஐந்து மணிக்கு. செம்பருத்தியைப் பறித்துத் தண்ணீரில் வைக்காமல் விட்டாலும் அன்றைய பொழுது முழுக்க விரிந்தபடியே இருக்கும். தினமும் பிள்ளையாருக்கு வைக்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவில்லை. மறுநாள் காலை பூவைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. காம்புக்குள் ஒரு ஈர்க்குச்சித் துண்டு. மொட்டைக் கிள்ளிய இடத்தில் ஈர்க்குச்சியைச் செருகி, அதில் பூவைக் குத்தி வைத்திருக்கிறார்கள்! இதழைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டேன், தண்ணீர் நீலமானது. வெள்ளைச் செம்பருத்தியைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் முக்கினார்களோ என்னவோ. இரண்டு மாதம் கழித்து அந்தச் செடி பூத்தது. தெருவுக்குத் தெரு நிற்கும் சிவப்பு ஒற்றைச் செம்பருத்தி.

நம் ஊர்ச் செம்பருத்தியில் அசல் நீலம் கிடையாது. கலப்பினங்களில் சாம்பல் கலந்த ஊதா வரை வரும், அவ்வளவுதான். இணையத்தில் நீலமாகக் காட்டும் படங்களில் பல கணினியில் நிறம் மாற்றியவை. சில, குளிர் நாடுகளில் வளரும் வேறொரு செம்பருத்தி வகை. அதுவும் ஊதா சாய்ந்த நீலம்தான், திருச்சி வெயிலுக்கான செடியும் அல்ல. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணுவை மாற்றி 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'நீல' ரோஜாவே கண்ணுக்கு வெளிர் ஊதாவாகத்தான் தெரியும். அத்தனை பெரிய கம்பெனியால் முடியாததைக் குட்டியானையில் வைத்து 550 ரூபாய்க்குத் தருகிறார்களாம். நானும் வாங்கியிருக்கிறேன்.

என் சித்தி மகள் இன்னும் ஒரு படி மேல். 'நீலச் செம்பருத்தி விதை' என்று தபாலில் வரவழைத்தாள். முளைத்தது புளிச்சகீரை. அதுவும் செம்பருத்திக் குடும்பம்தான் என்பதால் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. தொக்கு நன்றாக இருந்தது. பொதுவாக, கலப்பினச் செம்பருத்தி விதையிலிருந்து தாய்ச்செடி மாதிரியே வராது. கொம்பு நட்டோ, பதியம் போட்டோ, ஒட்டுக் கட்டியோதான் அதே பூவை எடுக்க முடியும். விதை என்று யாராவது விற்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

இரண்டாவது, நடுவில் சிவப்பு இருக்கும் மஞ்சள் ஒட்டுச் செடி. இதில் பூ நிஜம்தான். உள்ளங்கை அகலத்துக்கு நான்கைந்து பூத்தது. அப்புறம் மஞ்சள் பக்கம் மெல்ல மெல்லக் காய்ந்தது, அடியிலிருந்து கொழுகொழுவென்று புதுத் தளிர் கிளம்பியது. செடி பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டு எரு வேறு போட்டேன். பூத்தது, மறுபடி சிவப்பு! ஒட்டுக் கட்டும்போது கீழே வலுவான நாட்டுச் செம்பருத்தியை வைத்து, அதன்மேல் கலப்பினக் குச்சியைச் சேர்க்கிறார்கள். கலப்பினங்களில் பலவற்றுக்குச் சொந்த வேர் சரியாக ஓடாது என்பதால் இது தேவையான வேலைதான். ஒட்டு முடிச்சுக்குக் கீழே வரும் தளிரை மட்டும் அன்றன்றைக்குக் கிள்ளிவிட வேண்டும். விட்டால் அது மேல்செடியைப் பட்டினி போட்டுவிடும். எனக்கு அது தெரியவில்லை, அந்த ஆளும் சொல்லவில்லை. சொல்லாததைவிட மோசம், முடிச்சு தெரியாதபடி கவர் மண்ணைக் கழுத்துவரை ஏற்றி வைத்திருந்தது. ஒட்டுச் செடி வாங்கினால் முடிச்சைக் கண்ணால் பாருங்கள். மண்ணை விரலால் விலக்கினால் போதும், ஒழுங்கான கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மூன்றாவது ஆரஞ்சு அடுக்கு. முழங்கால் உயரத்திலேயே பத்து மொட்டு. "இது குட்டை ரகம்க்கா, இதுக்குமேல வளராது" என்றதை நம்பி மொட்டை மாடியில் பத்து அங்குலத் தொட்டியில் வைத்தேன். நான்கு மாதத்தில் கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு ஆள் உயரம் போனது, பூவும் நின்றது. வேளாண் கல்லூரியில் படித்த பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டேன். பாக்லோபியூட்ரசால் என்று ஒரு வளர்ச்சிக் கட்டுப்படுத்தி இருக்கிறதாம். மாமரத்தில் பூ வரவழைக்க ஊற்றுவார்களே, அதேதான். தொட்டிச் செடிகள் குள்ளமாக, அடர்த்தியாகத் தெரிய அதைக் கொடுப்பது தொழிலில் வழக்கம். அதன் வேகம் தீர்ந்ததும் செடி தன் இயல்புக்குப் போய்விடும். கொடுத்ததைக் குற்றம் சொல்லவில்லை, குட்டை ரகம் என்று சொன்னதுதான் ஏமாற்று.

இட்லிப்பூ கதை சின்னது. மூன்றாம் நாள் நடுவதற்காகக் கவரைக் கிழித்தேன், களிமண் உருண்டை இரண்டாகப் பிளந்தது. உள்ளே வேரே இல்லை. கொத்தாகப் பூத்த கிளைகளை ஒடித்து ஈரக் களிமண்ணில் செருகியிருக்கிறார்கள். இட்லிப்பூ இலை தடிமன், செடி செத்தாலும் உடனே வாடிக் காட்டாது. நம் பழைய இலக்கியத்தில் இதற்குப் பெயர் வெட்சி. பகைவரின் மாட்டைக் கவரப் போகிறவர்கள் சூடிக்கொண்டு போகும் பூ. பொருத்தமாகத்தான் விற்றிருக்கிறார்.

இதுவரை நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அடுத்தது அப்படி இல்லை.

ஆரஞ்சுச் செடியின் இலைக் கக்கங்களில் வாங்கும்போதே பஞ்சு மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தது. சாந்து, சுண்ணாம்பு ஏதாவது பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். மாவுப்பூச்சி. நான் அந்தத் தொட்டியை முதல் பத்து நாள் வைத்திருந்தது, என் மாமியாரின் அடுக்குச் செம்பருத்திக்குப் பக்கத்தில். மணப்பாறை வீட்டை விற்றபோது அங்கிருந்து ஒரு கொம்பை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து 2009இல் அத்தை நட்ட செடி அது. பூ சாமிக்கு, இலை தலைக்கு. எங்கள் வீட்டில் ஷாம்பு வாங்கியது குறைவு.

எறும்பு ஊர்ந்தபோதே நான் பார்த்திருக்க வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக எறும்பு வரும், வந்தால் பூச்சியைக் காவல் காக்கும், செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகும். தளிர் சுருண்டு முடிச்சு முடிச்சாக ஆனது, மொட்டுகள் உதிர்ந்தன. அப்புறம் பப்பாளி, கொய்யா என்று பரவியது. பதறிப்போய் உரக்கடையில் கொடுத்த மருந்தை அடித்தேன். அது இன்னொரு தப்பு. மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து எளிதில் இறங்காது, அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் முதலில் சாகும். 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. அது அடங்கியது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட ஒரு குட்டிக் குளவியால்தான். இது எல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. ஆரம்பத்திலேயே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து வாரம் ஒருமுறை அடித்திருந்தால், பட்ட கிளைகளை வெட்டி எரித்திருந்தால், செடி தப்பித்திருக்கலாம். பங்குனியில் வேறு வழியில்லாமல் அடியோடு வெட்டினோம். துளிர்க்கவில்லை.

அத்தை திட்டவில்லை. "ஒரு கொம்ப ஒடிச்சு நட்டா வர்ற செடி. கேட்டா யாரும் சும்மா குடுப்பாங்க. அதுக்கு ஐநூறு ரூபாயா?" என்று மட்டும் கேட்டார். நீலம் என்று சொன்னார்கள் அத்தை என்று சொல்ல வாய் வரவில்லை.

புகார் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். அந்த ஆள் கொடுத்த எண் மூன்றாம் நாளே அணைந்துவிட்டது. பில் இல்லை, கடைப் பெயர் இல்லை, வண்டி எண்ணையும் நான் குறித்துக்கொள்ளவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, ஆனால் யார்மேல் என்று எழுதுவது? குறைந்தபட்சம் வண்டியையும் செடியையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்தால் முகம் மாறுகிறவரிடம் வாங்க வேண்டாம். எங்கே வாங்கினாலும் புதுச் செடியை மூன்று வாரமாவது மற்றவற்றை விட்டுத் தள்ளி, தனியாக வையுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு வண்டி வந்தது. வேறு ஆள், அதே ஒலிபெருக்கிப் பாட்டு. ஓர் இட்லிப்பூச் செடியைக் காட்டி, "தம்பி, கவரக் கிழிச்சு வேரக் காட்டுங்க, கேக்குற விலையத் தரேன்" என்றேன். கிழித்தால் செடி செத்துவிடும் என்றார். சரி, நீலச் செம்பருத்தி இருக்கிறதா என்று கேட்டேன்.

"நேத்துதான்க்கா தீர்ந்துச்சு. அடுத்த வாரம் வரும்."