எட்டு எட்டாகவே தெரிய வேண்டும்: கிருஷ்ணகிரியில் ஒரு ஜெர்சி கடை

எங்கள் பள்ளிப் பெண்களின் கால்பந்து அணிக்கு இந்த வருஷம் ஜெர்சி தைத்துக் கொடுத்த கடையைப் பற்றி எழுதுகிறேன். கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து பெங்களூரு சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு மருந்துக்கடை வரும். அதற்கு மேலே முதல் மாடி, பக்கத்தில் இரும்புப் படிக்கட்டு. "பேரெல்லாம் போட வேண்டாம் டீச்சர், விளம்பரம் மாதிரி ஆயிடும்" என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டார். அதனால் வழியை மட்டும் சொல்கிறேன்.

போன வருஷம் வேறு ஊரில் ஒரு கடையில் வாங்கினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நம்பர்கள் வினைல் ஸ்டிக்கர், சூடு வைத்து ஒட்டியது. இரண்டாவது துவையலிலேயே ஓரம் பெயர ஆரம்பித்துவிட்டது. குறுவட்டப் போட்டியில் எங்கள் எட்டாம் நம்பர் பெண்ணின் முதுகில் இருந்த 8-இன் இடது பக்கம் உரிந்து, தூரத்திலிருந்து பார்த்தால் 3 மாதிரியே இருந்தது. அவள் செய்த ஃபவுலுக்கு நடுவர் மூன்றாம் நம்பருக்கு மஞ்சள் அட்டை எழுதினார். மூன்றாம் நம்பருக்கு ஏற்கெனவே ஒரு மஞ்சள் இருந்தது. ஒன்றும் செய்யாத பிள்ளை அழுதுகொண்டே வெளியே வந்தாள். நடுவர் மேல் குறை சொல்ல மாட்டேன், முதுகில் இருப்பதைத்தான் அவர் படிக்க முடியும். பத்துப் பேரோடு ஆடி ஒரு கோலில் தோற்றோம். நாக் அவுட் என்பதால் அன்றோடு அந்த வருஷம் முடிந்தது. லீக் என்றால் அடுத்த ஆட்டத்தில் சரி செய்துகொள்ளலாம். இதில் அடுத்த ஆட்டமே கிடையாது.

அந்தப் பழைய ஜெர்சியையும் எடுத்துக்கொண்டுதான் ஜூன் மாதம் இந்தக் கடைக்குப் போனேன். அண்ணன் அதை வாங்கி, நம்பரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இது ஒட்டினது டீச்சர். நாம துணியிலேயே ஏத்திடலாம்" என்றார்.

சப்ளிமேஷன் பிரிண்ட் என்கிறார்கள். படத்தைக் கணினியில் வரைந்து காகிதத்தில் அச்செடுக்கிறார்கள். அதை வெள்ளை பாலியெஸ்டர் துணி மேல் வைத்து, கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில் அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடுகிறது. மேலே தனியாக எதுவும் ஒட்டாததால் உரிவதற்கும் ஒன்றுமில்லை. பருத்தித் துணியில் இந்தச் சாயம் பிடிக்காது, பாலியெஸ்டர்தான் வேண்டும். துணி திருப்பூரிலிருந்து வருகிறது, டாட் நிட் ரகம். சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதால் வெயிலில் ஆடினாலும் முதுகோடு ஒட்டிக்கொள்வதில்லை.

டிசைன் என்று வந்ததும்தான் பிரச்சினை. பதினாறு பேரில் ஐந்து பேர் 7 கேட்டார்கள். எல்லாருக்கும் ரொனால்டோ. மழை பெய்த ஒரு பி.டி. பீரியடில் எல்லாரையும் வராண்டாவில் உட்கார வைத்து 2017-18 போர்ச்சுகல் கோப்பையின் கதையைச் சொன்னேன். எனக்கு மிகவும் பிடித்த சீசன் அது.

போர்ச்சுகல் கோப்பை 1938-39-இல் தொடங்கிய நாக் அவுட் போட்டி. மூன்றாவது சுற்றில் முதல் டிவிஷன் அணிகள் உள்ளே வரும்போது, கீழ் டிவிஷன் அணிகளின் ஊருக்குப் பெரிய அணிகள்தான் போய் ஆட வேண்டும். அப்படித்தான் 2017 அக்டோபரில், லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் அணி ஒலெய்ரோஸ் என்ற மலைக்காட்டுச் சிற்றூருக்குப் போனது. 4-2 என்று ஜெயித்தது, ஆனால் இரண்டு கோல் வாங்கிக்கொண்டுதான் ஜெயித்தது. "மான்செஸ்டர் டீம் நம்ம ஊரு கிரவுண்டுக்கு வர்ற மாதிரியா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், அப்படித்தான். அதே சீசனில் மூன்றாம் டிவிஷனில் இருந்த கால்டாஸ் அணி அரையிறுதி வரைக்கும் வந்தது.

ரொனால்டோ வளர்ந்தது ஸ்போர்ட்டிங்கில்தான். அல்கொஷெட் என்ற இடத்தில் இருக்கும் அவர்களுடைய பயிற்சி மையத்துக்கு இப்போது அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2018 மே 15 அன்று அந்த மையத்துக்குள் முகமூடி போட்ட ஐம்பது பேர் போல நுழைந்து வீரர்களை அடித்தார்கள். சொந்த அணியின் ரசிகர்கள், லீகில் சரியாக ஆடவில்லை என்ற கோபம். பாஸ் டோஸ்ட் என்ற முன்கள வீரருக்குத் தலையில் காயம். ஐந்தே நாளில் போர்ச்சுகல் கோப்பையின் இறுதிப் போட்டி. இதைச் சொல்லும்போது பிள்ளைகள் யாரும் பேசவில்லை. கடைசியில் மூன்றாம் நம்பர் பெண்தான் கேட்டாள், "அப்புறம் எப்படி மிஸ் அவங்க ஆடினாங்க?" ஆடினார்கள். ஆனால் ஜெயிக்கவில்லை.

எதிரில் இருந்தது டெஸ்போர்டிவோ தாஸ் ஆவெஸ். வடக்கே விலா தாஸ் ஆவெஸ் என்ற ஊரின் அணி. பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்க நூற்பாலையும் துணி ஆலையும்தான், போர்ச்சுகலின் திருப்பூர் என்று சொல்லலாம். 1930-இல் தொடங்கிய கிளப் அதுவரை ஒரு தடவைகூட இறுதிக்கு வந்ததில்லை. அலெக்ஸாண்ட்ரே கெடெஸ் 16-ஆவது நிமிடத்தில் ஒன்று, 72-ஆவது நிமிடத்தில் ஒன்று என்று இரண்டு கோல் போட்டார். அவரும் ஸ்போர்ட்டிங்கின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர்தான். 85-இல் ஸ்போர்ட்டிங்கின் மொந்தேரோ ஒரு கோலைத் திருப்பினார், அதோடு சரி. 2-1. ஆவெஸின் கோல்கீப்பர் கிம்முக்கு அன்று வயது 42. எங்கள் கோல்கீப்பர், பத்தாவது படிக்கிறவள், "எங்க அம்மாவை விடப் பெரியவர்" என்று வாயைப் பிளந்தாள்.

அந்த மைதானத்தைப் பற்றியும் சொன்னேன். லிஸ்பனை ஒட்டிய ஜாமோரில், மரங்களுக்கு நடுவே கல் படிக்கட்டுகளோடு இருக்கும் தேசிய மைதானம், 1944-இல் திறந்தது. இறுதிப் போட்டியன்று ரசிகர்கள் காலையிலேயே குடும்பத்தோடு வந்து மரத்தடியில் அடுப்பு மூட்டி, பன்றிக்குட்டியும் மத்தி மீனும் சுட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஆட்டத்துக்குள் போவார்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிற மாதிரி என்றதும் உடனே புரிந்துகொண்டார்கள். ஜெயித்த அணி படியேறி மேலே போய்க் கோப்பையை வாங்க வேண்டும்.

ஆவெஸ் என்றால் போர்த்துகீசிய மொழியில் பறவைகள் என்று சொன்னதும் டிசைன் முடிவாகிவிட்டது. ஆவெஸ் அணியின் நிறமான சிவப்பும் வெள்ளையும், தோளில் ஒரு கிளி. கிளிமூக்கு மாங்காய் விளைகிற ஊரில் வேறு எந்தப் பறவையை வைப்பது? ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டில் வரைந்த கிளியை அண்ணன் ஃபோனில் படமெடுத்து அப்படியே கோடு மாறாமல் கணினியில் போட்டுக்கொடுத்தார். இதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை. 7-ஐக் குலுக்கல் போட்டுக் கொடுத்தோம்.

இந்தக் கடையை நான் மதிப்பது அடுத்து நடந்ததற்காக. போன வருஷம் 8 உரிந்து 3 ஆன கதையைச் சொல்லியிருந்தேன் என்பதால், 3, 6, 8, 9 நான்கையும் மூன்று விதமான எழுத்தில் பெரிய காகிதத்தில் அச்செடுத்து மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒட்டினார். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு படிங்க டீச்சர்" என்றார். லாரிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துப் படித்தேன். வளைவு அதிகமான எழுத்தில் 6-உம் 8-உம் குழம்பின. கட்டையான, மூலை வெட்டிய எழுத்தைத் தேர்ந்தெடுத்தோம். பதினாறு செட் மட்டும் கேட்கிற ஒரு அரசுப் பள்ளிக்கு இவ்வளவு மெனக்கெட்ட கடையை நான் பார்த்ததில்லை.

அளவும் அப்படித்தான். எஸ், எம், எல் என்று எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. பள்ளிக்கு அண்ணி வந்து ஒவ்வொருத்திக்கும் டேப் வைத்து எடுத்தார். பெண் பிள்ளைகளுக்குக் கை முழங்கை வரைக்கும், உடம்பு கொஞ்சம் நீளமாக, ஷார்ட்ஸ் முட்டியைத் தொடும்படி வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்பே அவர் கேட்டார். இரண்டு வீடுகளில் அனுப்பத் தயங்கிக்கொண்டிருந்தார்கள். இந்த உடுப்பைப் பார்த்த பிறகு சரி என்றார்கள்.

ஜெர்சியும் ஷார்ட்ஸும் சேர்த்து ஒரு செட் 420 ரூபாய். கோல்கீப்பருக்கு மஞ்சள் நிறத்தில் முழுக்கை, அதற்கு 50 ரூபாய் கூட. பாதி முன்பணம்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தாமதம். மின்வெட்டு என்றார், உண்மையாகவே இருக்கலாம். நான் பத்து நாள் முன்கூட்டிய தேதி சொல்லியிருந்ததால் பிழைத்தோம். ஷார்ட்ஸில் எலாஸ்டிக் மட்டும்தான், நாடா இல்லை. ஒல்லியான பிள்ளைகள் ஓடும்போது ஒரு கையால் பிடித்துக்கொள்கிறார்கள், இதை அவர் கட்டாயம் மாற்ற வேண்டும். ஒரு ஜெர்சியின் கழுத்து இறுக்கம், மறுநாளே பிரித்துத் தைத்துக் கொடுத்தார். பில் வேண்டுமானால் முன்பே சொல்லிவிடுங்கள். கடைசியில் கேட்டால் துண்டுச்சீட்டில் எழுதித் தருகிறார், பள்ளிக் கணக்கில் அது செல்லாது.

காகிதத்தைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். கோப்பையை வென்ற ஆவெஸ் அடுத்த சீசனில் யூரோப்பா லீக் ஆடியிருக்க வேண்டும். ஐரோப்பியப் போட்டிகளுக்கான உரிமம் அவர்களிடம் இல்லாததால் போக முடியவில்லை. 2020-இல் முதல் டிவிஷனிலிருந்தும் இறங்கிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. இந்த வருஷம் நுழைவுப் படிவங்களை நானே இரண்டு தடவை சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குறுவட்டத்தில் மூன்று ஆட்டம் ஜெயித்து மாவட்டப் போட்டிக்குப் போனோம், அங்கே அரையிறுதியில் டைபிரேக்கரில் தோற்றோம். ஜெர்சிகள் இதுவரை இருபது துவையலாவது பார்த்திருக்கும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் துவைத்து, நிழலில் காயப்போடச் சொன்னார், அப்படியே செய்கிறோம். ஒரு நம்பர்கூட மங்கவில்லை.

ஐந்துக்கு நாலு தருவேன். நாடா போட்டுவிட்டால் நாலரை. கடை காலை 10 மணியிலிருந்து இரவு 8 வரைக்கும், செவ்வாய் விடுமுறை. ஜூலை, ஆகஸ்டில் எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும், ஜூன் முதல் வாரத்திலேயே அளவு கொடுத்துவிடுங்கள். ஸ்டாக்கிங்ஸும் ஷின் கார்டும் அங்கே கிடையாது, அவற்றை வேறு இடத்தில்தான் வாங்க வேண்டும்.