பெட்ரெஸ்குவா, கிவுவா: பயிற்சியாளராகும் பின்கள வீரருக்கு யார் பாடம்?

பின்களத்தில் ஆடி ஓய்வு பெற்ற ஒருவர் பயிற்சியாளராக விரும்பினால் யாருடைய பாதையைப் பின்பற்றுவது என்ற கேள்விக்கு, ருமேனியக் கால்பந்து இரண்டு வலுவான விடைகளை வைத்திருக்கிறது. ஒருவர் டான் பெட்ரெஸ்கு, மற்றவர் கிறிஸ்டியன் கிவு. சிறிய உள்ளூர் அணி ஒன்றைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, இருவரின் அணிகளும் ஆடிய ஆட்டங்களைத் தேடிப் பார்த்து, கடைசியில் பெட்ரெஸ்குவையே என் பாடமாக எடுத்துக்கொண்டேன். ஆகவே இந்த அலசல் அவர் பக்கம் சாய்ந்திருக்கும். கிவுவின் பக்கம் நியாயம் கூடுதலாக இருக்கும் இடங்களை மறைக்க மாட்டேன். கோஸ்மின் கொன்ட்ராவையும் சேர்த்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ஐரோப்பிய கிளப்புகளுக்கான 2001 யூஇஎஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் லிவர்பூலிடம் 5-4 என்று தோற்ற, ஸ்பெயினின் அலவேஸ் அணியில் ரைட் பேக்காக (வலது ஓரப் பின்கள வீரராக) ஆடியவர் அவர். பயிற்சியாளராக 2013-இல் பெட்ரோலுல் பிளோயெஷ்டிக்கு ருமேனியக் கோப்பையை வென்று தந்தார், பிறகு தேசிய அணியையும் வழிநடத்தினார். ஆனால் பயிற்சியாளராக அவர் சேர்த்தது மற்ற இருவருக்கு ஈடாகாது என்பதால் விட்டுவிட்டேன்.

ஆட்டக்காரராக யார் பெரியவர் என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை, கிவுதான். 1980-இல் ரெஷிட்சாவில் பிறந்தவர், இருபது வயதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே நெதர்லாந்தின் அயாக்ஸ் அணிக்குக் கேப்டனானார். இத்தாலியில் ரோமாவில் நான்கு ஆண்டுகள் ஆடிவிட்டு 2007-இல் மிலான் நகரின் இன்டருக்கு வந்தார். 2010 ஜனவரியில் கியேவோவுக்கு எதிரான ஆட்டத்தில் மோதி மண்டையோடு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், ஒருசில மாதங்களில் தலைக்கவசத்துடன் திரும்பினார். அதே ஆண்டு மே 22 அன்று மாட்ரிட்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் லெஃப்ட் பேக்காக (இடது ஓரப் பின்கள வீரராக) நின்று பயர்ன் மியூனிக்கின் ராபனை எதிர்கொண்டார். இத்தாலிய லீக், இத்தாலியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என மூன்று பட்டங்களையும் இன்டர் அந்த சீசனில் வென்றது.

பெட்ரெஸ்குவின் கோப்பை அலமாரி அதைவிடச் சிறியது. 1967-இல் புக்கரெஸ்ட்டில் பிறந்து அந்நகரின் ஸ்டேவுவா கிளப்பில் வளர்ந்த அவர், 1989 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் மிலானிடம் 4-0 என்று தோற்ற அணியில் இருந்தார். அதன்பின் இத்தாலியில் ஃபோஜ்ஜா, ஜெனோவா, இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே என்று சென்று, 1995 முதல் 2000 வரை செல்சியில் நிலைத்தார். அங்கே 1997-இல் எஃப்.ஏ. கோப்பையும் 1998-இல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையும் கிடைத்தன. நாட்டுக்காக 95 ஆட்டங்கள், 12 கோல்கள். 1994 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஸ்வீடனுக்கு எதிரான பெனால்டி வரிசையில் அவர் அடித்த பந்தை ரவேலி தடுத்தார், ருமேனியா வெளியேறியது. நான்கு ஆண்டுகள் கழித்து அடுத்த உலகக் கோப்பையில், துலூஸில் இங்கிலாந்துடன் 1-1 என்ற நிலையில் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், தன் செல்சி சகாவான லெ சோவைத் தோளால் தள்ளி நிறுத்தியபடியே பந்தைக் கோல்கீப்பர் சீமனின் கால்களுக்கிடையே செலுத்தி வெற்றி தேடித் தந்தார். அந்தக் கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ரைட் பேக்காக அறியப்பட்ட ஒருவர், கடைசி நிமிடத்தில் எதிரணியின் கோல் எல்லைக்குள் நிற்கிறார் என்பதே அவருடைய ஆட்டம் எத்தகையது என்பதைச் சொல்லிவிடும். ஃபோஜ்ஜாவில், தாக்கி ஆடவைக்கும் பயிற்சியாளரான ஸெமனின் கீழ் ஆடியவர்களுக்கு முன்னேறி ஓடுவது இயல்பாகிவிடும்.

இப்படி ஓடிப் பழகியவர் பயிற்சியாளரானதும், இறுக்கமாகக் காத்து நின்று, பந்து கிடைத்த கணத்தில் எதிர்த்தாக்கும் அணிகளையே பெரும்பாலும் கட்டினார் என்பது முதலில் எனக்கு வியப்பாக இருந்தது. அவருக்குக் கிடைத்த அணிகளைப் பார்த்தபின் அந்த வியப்பு நீங்கியது. என் தேர்வைத் தீர்மானித்ததும் அதுதான். ஒரு பயிற்சியாளரை மதிப்பிட, அவர் கையில் எத்தகைய ஆட்டக்காரர்கள் கொடுக்கப்பட்டார்கள், அவர்களைக் கொண்டு அவர் எதைச் சாதித்தார் என்பதையே நான் முதல் அளவுகோலாகக் கொள்கிறேன். விரும்பிய வீரரை விலைக்கு வாங்க முடியாத அணிகளில் வேலை செய்பவர்களுக்கு வேறு எந்த அளவுகோலும் பயன்படாது.

உர்சிசெனி, புக்கரெஸ்ட்டிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி உள்ள சிற்றூர், இருபதாயிரம் பேர்கூட வசிக்காத இடம். அதன் அணியான உனிரியா 2006-இல்தான் முதல் டிவிஷனுக்கு ஏறியது. அந்த ஆண்டே பெட்ரெஸ்கு பொறுப்பேற்றார். 2008-இல் ருமேனியக் கோப்பை இறுதியாட்டம் வரை சென்று சி.எஃப்.ஆர். குளூஜிடம் தோற்றது. அடுத்த ஆண்டு, ஸ்டேவுவா, டினமோ, குளூஜ் ஆகிய பெரிய பெயர்களைப் பின்னுக்குத் தள்ளி லீக் பட்டத்தையே வென்றது. நட்சத்திரம் என்று சொல்லத்தக்க ஒருவரும் அந்த அணியில் இல்லை. பெரிய கிளப்புகள் தேடிப் போகாதவர்களை ஒன்றுசேர்த்து, இடைவெளி விடாமல் இரண்டு வரிசைகளாக நிற்கவும் ஓரங்களில் ஆடுபவர்கள் ஒவ்வொரு முறையும் பின்னோக்கி ஓடி வரவும் பழக்கியதே அவர் செய்த வேலை.

அந்தப் பட்டத்தின் பலனாகக் கிடைத்த 2009-10 சாம்பியன்ஸ் லீக் குழு ஆட்டங்கள்தான் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடநூல். சொந்த மைதானம் போதாததால் உனிரியா தன் ஊரில் ஆட வேண்டிய ஆட்டங்களையே புக்கரெஸ்ட்டில், ஸ்டேவுவாவின் மைதானத்தில் ஆடியது. அக்டோபரில் கிளாஸ்கோ சென்று ரேஞ்சர்ஸை 4-1 என்று வென்றது. இரண்டாவது நிமிடத்திலேயே உனிரியா வீரர் ஒருவரின் காலில் பட்டு பந்து சொந்த வலைக்குள் போயிருந்தும், அணியின் வரிசை குலையவில்லை. உனிரியாவின் நான்கு கோல்களில் இரண்டு ரேஞ்சர்ஸ் வீரர்களே சொந்த வலைக்குள் போட்டவை என்பதையும் சொல்ல வேண்டும், அதிர்ஷ்டம் கொஞ்சம் துணைநின்றது. ஆனால் நவம்பரில் செவியாவை 1-0 என்று வென்றதை அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. கடைசி ஆட்டத்துக்கு முன் கையில் 8 புள்ளிகள், எதிராளியான ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிடம் 6. அங்கே சென்று டிரா செய்தாலே அடுத்த சுற்று. ஆனால் முதல் 11 நிமிடங்களுக்குள் உனிரியாவின் வலையில் மூன்று கோல்கள் விழுந்தன, அதில் முதலாவதை அடித்தவர் ருமேனியரான சிப்ரியன் மரீகா. முடிவு 3-1. உனிரியா மூன்றாமிடத்தில் நின்றது, ரேஞ்சர்ஸ் கடைசி இடத்தில்.

குளூஜில் அவர் செய்தது இதன் நீட்சி. அங்கே ஒருமுறை அல்ல, பலமுறை வந்து போனார். 2018, 2019, 2020, 2022 என நான்கு லீக் பட்டங்கள் அவர் பெயரில் உள்ளன, அவற்றுள் 2019-ஆம் ஆண்டுப் பட்டத்துக்கான அணியை சீசனின் நடுவில்தான் ஏற்றார். 2025-இல் ருமேனியக் கோப்பையும் சேர்ந்தது. 2019 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் செல்டிக்கை 4-3 என்று வீழ்த்தி சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேற்றினார். அதே சீசன் யூரோப்பா லீக்கில் லாட்ஸியோ, செல்டிக், ரென் ஆகியவற்றுடன் ஒரே குழுவில் 12 புள்ளிகள் எடுத்து அடுத்த சுற்றுக்குப் போனார். அங்கே செவியாவிடம் இரு ஆட்டங்களிலும் தோற்காமல், எதிரணியின் மைதானத்தில் அடித்த கோல்களுக்கு முன்னுரிமை தரும் அக்கால விதியால் மட்டுமே வெளியேறினார். அவ்வாண்டுக் கோப்பையை எடுத்தது அதே செவியாதான்.

இனி கிவு. 2014-இல் ஆட்டத்தை நிறுத்திய அவர், அவசரப்பட்டு எந்தப் பெரிய அணியையும் ஏற்கவில்லை. 2018-இல் இன்டரின் 14 வயதுக்குட்பட்டோர் அணியில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2021-இல் பிரிமவேரா எனப்படும் மூத்த இளையோர் அணிக்கு வந்தார், மறு ஆண்டே இத்தாலியப் பட்டத்தை வென்றார். இந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். ஐரோப்பியக் கோப்பையைக் கையில் ஏந்திய ஒருவர் பதின்மூன்று வயதுச் சிறுவர்களுக்கு நிற்கும் முறை சொல்லிக் கொடுக்க ஆண்டுக்கணக்கில் முன்வருவது எளிதல்ல. இளையோரைப் பயிற்றுவிக்கும் அகாடமிகளில் இருப்பவர்களுக்கு என் தேர்வு பொருந்தாது, அவர்கள் கிவுவின் பாதையைத்தான் படிக்க வேண்டும். ஆனால் இன்டரின் அகாடமிக்கு வரும் சிறுவர்கள் நாடெங்கிலும் சலித்து எடுக்கப்பட்டவர்கள். வந்தவர்களைக் கொண்டு ஆட வேண்டிய அணிகளுக்கு அந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ளக் கிடைப்பது குறைவு.

என் முடிவை அசைத்துப் பார்த்தது பார்மாவில் அவர் பயிற்சியாளராக இருந்த 13 ஆட்டங்கள்தான். 2025 பிப்ரவரியில் கீழ் டிவிஷனுக்கு இறங்கும் அபாயத்தில் இருந்த அணியை ஏற்று, முதல் ஆட்டத்திலேயே போலோன்யாவை வென்றார். ஏப்ரலில் இன்டருக்கு எதிராக இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்து 2-2 என்று மீண்டார், யுவென்டஸை 1-0 என்று வீழ்த்தினார், பட்டம் வெல்லவிருந்த நாப்போலியைக் கோலின்றி நிறுத்தினார். பார்மா இத்தாலியின் முதல் டிவிஷனான சீரி ஆவில் நிலைத்தது, ஜூன் மாதம் இன்டர் அவரைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. கையில் கிடைத்தவர்களைக் கொண்டு கரை சேர்த்த வேலை இது, என் அளவுகோலுக்கே பொருந்துவது. ஆயினும் 13 ஆட்டங்களை வைத்து முடிவு கட்டத் தயக்கமாக இருக்கிறது. இன்டர் போன்ற அணியில் அவர் பெறும் வெற்றியோ தோல்வியோ இந்த ஒப்பீட்டுக்கு அதிகம் உதவாது, அங்கே அவருக்குக் கிடைத்திருப்பது முந்தைய பயிற்சியாளர் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் வரை கொண்டுசென்ற அணி.

பெட்ரெஸ்குவுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்று மட்டும் கனமானது. அவர் சென்றபின் எதுவும் மிஞ்சுவதில்லை என்கிறார்கள். 2009 டிசம்பரில் அவர் ரஷ்யாவின் கூபன் கிராஸ்னடாருக்குப் போனார், உனிரியா 2011-இல் கலைக்கப்பட்டது. கூபனை இரண்டாம் டிவிஷனிலிருந்து உயர்த்தினார், 2018-இல் அந்த கிளப்பும் இல்லாமல் போயிற்று. சீனாவில் ஜியாங்சு அணிக்கு 2015-இல் நாட்டுக் கோப்பையை வென்று தந்தார், பின்னர் சூனிங் நிறுவனத்தின் கைக்குப் போன அந்த அணி 2020-இல் லீக் பட்டமே வென்றும் சில மாதங்களில் மூடப்பட்டது. அதே சூனிங்தான் அப்போது இன்டருக்கும் உரிமையாளர். கிவு சிறுவர்களுக்கு நிதானமாகப் பாடம் எடுத்தது, பெட்ரெஸ்குவின் பழைய அணியை மூடிய அதே நிறுவனத்தின் மற்றொரு கிளப்பில்தான். பணம் நின்றுபோகும்போது கிளப்பும் நின்றுபோவதற்குப் பயிற்சியாளர் பொறுப்பாக மாட்டார். இதை நான் குறையாகக் கொள்ளாததற்கு அதுவே காரணம்.

ஆனால் வேறொரு குறையை ஏற்கத்தான் வேண்டும். பழக்கமில்லாத இடத்தில், தன் முறைக்குப் பழகாத ஆட்டக்காரர்களிடம், அவருக்கு நேரம் குறைவாகக் கிடைத்தபோது அவர் பலமுறை சறுக்கியிருக்கிறார். துருக்கியில் கைசெரிஸ்போரும், கொரியாவில் ஜியொன்புக்கும் அப்படித்தான். ஜியொன்புக் வெற்றியே இல்லாமல் சீசனைத் தொடங்கியதால் 2024 ஏப்ரலில் விலகினார். மறுபுறம், 2012-இல் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த டினமோ மாஸ்கோவை ஏற்று அதே சீசனில் ஏழாமிடத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அவருடைய முறை எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதை என்னால் திட்டமாக வகுத்துச் சொல்ல முடியவில்லை. ருமேனியாவில் அது திரும்பத் திரும்பப் பலித்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

பெட்ரெஸ்குவைப் படிக்க விரும்புகிறவர்கள் கிளாஸ்கோவில் உனிரியா ரேஞ்சர்ஸை வென்ற ஆட்டத்தில் தொடங்கி, உடனே ஸ்டுட்கார்ட் ஆட்டத்தின் முதல் 11 நிமிடங்களைப் பார்க்கட்டும். ஒரே பயிற்சியாளர், ஏறக்குறைய அதே வீரர்கள், இரண்டு மாத இடைவெளி. வரிசைகளுக்கு இடையிலான தூரத்தைக் கவனித்தால் போதும். கிவுவுக்கு அவ்வாறு ஒரே ஆட்டத்தைச் சொல்ல வேண்டுமானால், பார்மா இன்டரை 2-2 என்று நிறுத்திய ஆட்டத்தின் இரண்டாம் பாதியைச் சொல்வேன்.