401 ரிச்மண்ட்: இன்னும் வேலை நடக்கிற தொழிற்சாலை

ரொறன்ரோவில் பழைய தொழிற்சாலைக் கட்டடம் பார்க்க வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் டிஸ்ரிலரி டிஸ்ரிக்டுக்குத்தான் அனுப்புவார்கள். 19ஆம் நூற்றாண்டுச் சாராய ஆலை, கார் ஓடாத கல் பாவிய தெருக்கள், படமெடுக்க வடிவான இடம். ஆனால் கலியாணக் காட் வடிவமைத்து அச்சிடும் தொழில் எனக்கு. அந்தக் கண்ணோடு பார்த்தால் நான் சொல்வது 401 ரிச்மண்ட் வீதி மேற்கு. ஒஸ்கூட் சப்வேயில் இறங்கி மேற்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் ஸ்பாடினா வீதிக்குக் கிட்ட வரும். உள்ளே போகக் கட்டணம் இல்லை.

1899இல் மக்டொனால்ட் என்ற கம்பனி தகரப் பெட்டி செய்வதற்காகக் கட்டத் தொடங்கியது. வர்ணப் படத்தைத் தகரத் தகட்டில் நேரடியாக அச்சிட்டு, பிறகுதான் வெட்டி மடித்துப் பெட்டியாக்குவார்கள். மை தகரத்தில் ஊறாது, காயவைப்பதே தனி வேலை. கடதாசியோடு மல்லுக்கட்டுகிற எனக்கே அதை நினைத்தால் மலைப்பாக இருக்கும். பாரமான இயந்திரங்களைத் தாங்க மொத்தமான மரத்தூண்கள், பகல் வெளிச்சத்தில் வேலை செய்யப் பெரிய ஜன்னல்கள். இன்று அங்கே ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் விரும்பி இருப்பதற்கும் இதே தூணும் ஜன்னலும்தான் காரணம்.

நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட சிறு தொழில்களும் கலை அமைப்புகளும் உள்ளே இருக்கின்றன. புகைப்படத்துக்கு கலரி 44, வீடியோக் கலைக்கு வீரேப், தெற்காசியக் கலைஞர்களின் சாவாக். நம் பிள்ளைகளில் யாருக்காவது கலைப்பக்கம் ஆசை இருந்தால் இந்தக் கடைசி இடத்தைக் கட்டாயம் காட்டுங்கள். கீழே ஸ்பேசிங் என்ற நகரச் சஞ்சிகையின் கடையில் சப்வே நிலையங்களின் பெயர் போட்ட, சட்டையில் குத்துகிற பட்டன்கள் கிடைக்கும், ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் கொடுக்க நல்ல பொருள். பிள்ளைகள் பராமரிப்பு நிலையமும் கட்டடத்துக்குள்ளேயே உண்டு. தாய்மார் தொழில் செய்ய அது எவ்வளவு பெரிய உதவி என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். கோடையில் கூரைத் தோட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

1994இல் மார்ஜி ஸைட்லர் இதை வாங்கினார். இடித்து மாடிக் குடியிருப்பு கட்டவில்லை, திருத்திச் சின்னச் சின்ன அறைகளாக வாடகைக்கு விட்டார். எனக்கு இந்த இடத்தில் மிகப் பெரிதாகத் தெரிவது அந்த முடிவுதான். 1996இல் மாநகரசபை அந்தப் பகுதியின் நிலப் பயன்பாட்டு விதிகளைத் தளர்த்தியபின் சுற்றிவரக் கொண்டோ என்கிற மாடிக் குடியிருப்புகள் எழும்பின, காணி விலை ஏறியது. சொத்துவரி போடுகிறவர்கள் அங்கே இருக்கிற வேலையைப் பார்ப்பதில்லை, அந்தக் காணியில் என்ன கட்டலாம் என்று பார்த்து மதிப்பிடுவார்கள். வரி ஏறினால் அது வாடகைக்காரர் தலையில்தான் விழும். கட்டடமே காலியாகிவிடும் நிலை. எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்ட பிறகு, 2018இல் இப்படியான கட்டடங்களுக்கென்றே தனி வரிப்பிரிவு வந்து, வரி பாதியானது. வாடகை ஏறியதால் ஸ்காபுறோவில் ஒரு பிளாசாக் கடையை விட்டு வெளியேறியவள் நான். அதனால் இந்தச் செய்தி எனக்கு வெறும் செய்தி இல்லை.

குறை? பல கட்டங்களாகச் சேர்த்துக் கட்டியதால் முதல் தடவை போகிறவர்களுக்கு நடைபாதை குழம்பும். வாசலிலுள்ள பெயர்ப்பலகையைப் படமெடுத்துக்கொண்டு ஏறுங்கள். மரத்தளம் சில இடங்களில் சாய்வு, வயதானவர்களைக் கையில் பிடித்துக் கூட்டிப்போங்கள். காரில் போனால் பார்க்கிங் செலவு கூட. அப்புறம், ஞாயிறில் போகாதீர்கள், பெரும்பாலான கதவுகள் பூட்டியிருக்கும். வியாழன், வெள்ளி மத்தியானம்தான் சரி. அப்போது கதவுகள் திறந்திருக்கும், உள்ளே ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள், கேட்டால் நின்று கதைப்பார்கள்.