ஸ்டேட்டிக் ரூட்டா, ஓஎஸ்பிஎஃபா? மாற்று லைன் போட்டவர்கள் கவனிக்க

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அலுவலகம், செந்தூலில் கிடங்கு, மஸ்ஜித் இந்தியாவில் கடை. நான் பார்த்துக்கொள்ளும் ஒரு மளிகை மொத்த வியாபாரியின் நெட்வொர்க் இவ்வளவுதான். இடத்துக்கு இரண்டு சப்நெட் (நெட்வொர்க்கின் உட்பிரிவு), மற்ற இரண்டு இடங்களுக்கும் வழி காட்ட ரவுட்டருக்கு நாலு வரி, மொத்தம் 12 ஸ்டேட்டிக் ரூட், அதாவது நாமே எழுதி வைக்கும் நிலையான பாதை. கையால் எழுதி நோட்டில் குறித்து வைத்தால் வேலை முடிந்தது. ரவுட்டருக்குச் சுமையில்லை, பாதையும் தானாக மாறாது. கிளை ஆறானால் இதே கணக்கு 60 வரியாகிவிடும். ஆனாலும் ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிப் பாதையைத் தாமே கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப் (OSPF) பக்கம் என் மனம் மாறியது அதனால் அல்ல.

ஒரு மழை நாளில் செந்தூல் ஃபைபர் அறுந்தது. முதலாளி போன் செய்தார்: "தம்பி, கிடங்கு ஸ்டாக் எதுவுமே வரல. ஆனா ரவுட்டர்ல பச்சை லைட் எரியுதே!" அந்தப் பச்சை லைட்தான் வினை. ரவுட்டரின் கேபிள் பக்கத்திலிருந்த மீடியா கன்வர்ட்டரில் (ஃபைபரைச் சாதாரண கேபிளோடு இணைக்கும் பெட்டி) போய் முடிகிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இன்டர்ஃபேஸ் (ரவுட்டரின் போர்ட்) விழாதவரை ஸ்டேட்டிக் ரூட், ரவுட்டர் பார்த்து நடக்கும் பாதைப் பட்டியலான டேபிளை விட்டு இறங்காது. டிஸ்டன்ஸ் (முன்னுரிமை எண், குறைந்ததே முந்தும்) 200 கொடுத்து வைத்திருந்த மாற்றுப் பாதை கடைசிவரை ஏறவே இல்லை. எதிர்முனை பதில் தருகிறதா என்று பிங் அடித்துப் பார்த்து ரூட்டை எடுத்துவிடும் வசதி பல ரவுட்டர்களில் உண்டுதான். ஆனால் அதையும் ஒவ்வொரு ரூட்டுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும்.

ஓஎஸ்பிஎஃப் லைட்டை நம்பி உட்கார்ந்திருக்காது. ஈதர்நெட்டில் 10 நொடிக்கு ஒருமுறை பக்கத்து ரவுட்டருக்கு ஹலோ சொல்லும். 40 நொடி பதிலில்லை என்றால் அந்தப் பாதையைக் கைவிட்டு வேறு வழியை ஏற்றும்.

அதில் ஒரு குழியும் இருக்கிறது. சிஸ்கோ ரவுட்டர்களில் காஸ்ட் (பாதையின் செலவெண், குறைந்ததே சிறந்தது) என்பது 100 எம்பிபிஎஸ்ஸைப் போர்ட்டின் வேகத்தால் வகுத்து வருவது, 1-க்குக் கீழே இறங்காது. அதனால் 1 ஜிபிபிஎஸ் போர்ட்டுக்கும் காஸ்ட் 1, 100 எம்பிபிஎஸ் போர்ட்டுக்கும் 1. இரண்டும் சமம் என்று எடுத்துக்கொண்டு டிராஃபிக்கைப் பிரித்து அனுப்பும். மெதுவான லைனில் போனவர் காத்திருப்பார். ரெஃபரன்ஸ் பேண்ட்வித் எனப்படும் அந்த 100-ஐ எல்லா ரவுட்டரிலும் 10000 ஆக்கினால் ஒன்றுக்கு 10, மற்றதற்கு 100 என்று சரியாகிவிடும்.

ரிப் (RIP) என்ற பழைய ரூட்டிங் முறை வேண்டாம். செத்த பாதையைக் கைவிட அதற்கு 180 நொடி பிடிக்கும்.

ஒரே லைன்தான் என்றால் ஸ்டேட்டிக்கே போதும். இரண்டாவது லைன் வந்த அன்றே ஓஎஸ்பிஎஃப், எல்லா ரவுட்டரும் ஒரே குழுவாக ஏரியா 0 ஒன்றே போதும். கல்லா கம்ப்யூட்டர்கள் இருக்கும் பக்கத்தை மட்டும் பாஸிவ் (ஹலோ அனுப்பாத நிலை) ஆக்கிவிடுங்கள்.

மாற்றும்போது ஒன்று: ஸ்டேட்டிக்கின் டிஸ்டன்ஸ் 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. பழைய வரி இருக்கும்வரை புதியது டேபிளில் ஏறாது. அண்டை ரவுட்டர்கள் எல்லாம் ஃபுல் (தகவல் முழுதும் பரிமாறியாயிற்று) என்று காட்டிய பிறகு, கடை மூடிய இரவில், செந்தூலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரியாக எடுத்தேன். எடுத்த ஒவ்வொரு இடத்திலும் ஓஎஸ்பிஎஃப்பைக் குறிக்கும் ஓ (O) என்ற எழுத்தோடு புது வரி வந்து உட்கார்ந்தது.