‘கர்ப்பப்பைக் கட்டியைக் கரைக்கும்’ 90 நாள் டயட் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கிராமம். எனக்கு வயது 44. கர்ப்பப்பையில் நார்க்கட்டி, டாக்டர்கள் ஃபைப்ராய்டு என்பார்களே, அது இருப்பதாகப் போன சித்திரையில் ஸ்கேனில் தெரிந்தது. சாப்பாட்டிலேயே அதைக் கரைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னதை நம்பி 18,500 ரூபாய் கட்டினேன். சம்பா நடவுக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது. பணத்தோடு போயிருந்தால்கூட இவ்வளவு எழுத மாட்டேன்.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம், கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் நடக்கிறது என்று நாத்தனார் அழைத்துப் போனார். அறுபது எழுபது பெண்கள் இருந்திருப்போம். வெள்ளைக் கோட்டு போட்டவர் மைக் பிடித்தார். “உங்க கட்டி நாளைக்கே கேன்சர் ஆகலாம். ஆஸ்பத்திரிக்குப் போனா கர்ப்பப்பையை எடுன்னுதான் சொல்லுவாங்க. கத்தி வேணாம்மா, 90 நாள் போதும்” என்றார். பயத்தோடு உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன வேண்டும்? அவர் டாக்டர் இல்லை, பதிவு பெற்ற சித்த வைத்தியரும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நானும் கேட்கவில்லை.

சோறு, பால், முட்டை, மீன், கறி எல்லாம் கட்டியை வளர்க்குமாம், அதனால் கூடாது. காலையில் பேர் இல்லாத டப்பாவிலிருந்து ஒரு பொடி. மத்தியானம் காய்கறியும் கொஞ்சம் தினைக் கஞ்சியும். ராத்திரி பழம். மூன்று வேளையும் சாப்பிட்ட கையோடு கிரீன் டீ. ஆவணி முழுக்க அப்படியே இருந்தேன். புரட்டாசியில் எங்கள் வீட்டில் யாருமே கவுச்சி தொடுவதில்லை. அதனால் நான் மட்டும் இளைத்துக்கொண்டே போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கு முன்பெல்லாம் மாதவிலக்கு ஆறு நாளில் நின்றுவிடும். அந்த மாதம் பதினோரு நாள் போனது. கட்டி கட்டியாக ரத்தம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். பயந்துபோய் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். உடனே பதில் வந்தது: “வாழ்த்துகள் அம்மா! கட்டி உடைந்து கழிவாக வெளியேறுகிறது. நிறுத்திவிடாதீர்கள்.” கீழே வரிசையாகக் கை கூப்பிய படங்கள். பாபநாசம் பக்கத்து அக்கா ஒருவர் தனக்குப் பதினைந்து நாளாக நிற்கவில்லை என்று எழுதியபோதும் அதே வாழ்த்துதான்.

இந்த ஒரு பொய்யை உடைத்துச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பைச் சுவரில் வளரும் தசையும் நாரும். டயட் இருப்பதால் அது வெல்லப்பாகு மாதிரி கரைந்து ரத்தத்தோடு ஒழுகி வராது. கட்டி கட்டியாக வருவது உறைந்த ரத்தம், அவ்வளவுதான். போக்கு அதிகமாக இருப்பதற்கான அடையாளம் அது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரத்தில் ‘குணமாகிறது’ என்று சொல்லி நம்மை வீட்டிலேயே உட்கார வைக்கிறார்கள்.

நாற்பத்தைந்தாம் நாள் மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ரிப்போர்ட்டைப் போட்டோ பிடித்து அனுப்பினேன். ஒரு எண்ணைச் சிவப்பில் வட்டமிட்டு, “5.4 இருந்தது, 4.9 ஆகிவிட்டது” என்று குழுவில் போட்டார்கள். அன்றைக்கு நான் அழுதேன், சந்தோஷத்தில். உண்மையில் முதல் ரிப்போர்ட்டில் இருந்தது 5.4 x 4.8 x 4.5 செ.மீ. இரண்டாவதில் 5.6 x 4.9 x 4.6. நீளம், அகலம், உயரம் என்று மூன்று அளவு எழுதுவார்கள். பழைய நீளத்தையும் புது அகலத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டுக் குறைந்துவிட்டது என்கிறார்கள். கட்டி அப்படியேதான் இருந்தது. ஆளுக்கு ஆள், மெஷினுக்கு மெஷின் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரத்தான் செய்யும் என்று டாக்டர் பிறகு சொன்னார். உங்களிடம் யாராவது இப்படி முன்னும் பின்னும் ரிப்போர்ட் காட்டினால், மூன்று எண்களையும் நீங்களே வரிசையாக வைத்துப் பாருங்கள்.

குறுவை அறுப்பு முடிந்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கவில்லை. வாசலிலேயே கொட்டிக் காய வைத்துக்கொண்டிருந்தோம். நெல்லைக் கிளறிவிடக் குனிந்தவள் அப்படியே விழுந்துவிட்டேன். எங்கள் ஊர் நர்ஸம்மா வந்து கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “என்னக்கா இது, காகிதமாட்டம் வெளுத்துக் கிடக்கு! எத்தனை நாளா மூச்சு வாங்குது?” என்று கேட்டார். மாடிப்படி ஏறினாலே வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அதையும் கழிவு நீங்கும் களைப்பு என்று சொல்லியிருந்தார்கள்.

தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஹீமோகுளோபின் 5.8. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், அப்புறம் இரும்புச்சத்து ஊசி. அந்தப் பொடியில் என்ன இருந்ததோ என்று ஈரலுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

அங்கே இருந்த டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. உட்கார வைத்துச் சொன்னார். இந்தக் கட்டி ஐம்பது வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஏதோ ஒரு அளவில் இருக்கும், பலருக்கு இருப்பதே தெரியாது, கேன்சராக மாறுவது மிக மிக அரிது, மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் தானே சுருங்கும். தொந்தரவு கொடுத்தால் மட்டும் வைத்தியம். அதிலும் எடுத்த எடுப்பில் கர்ப்பப்பையை எடுப்பதில்லை. ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை உண்டு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு, கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷன் உண்டு, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் முறையும் உண்டு. எது யாருக்கு என்பது கட்டி இருக்கும் இடத்தையும் வயதையும் பொறுத்தது. முகாமில் இதில் ஒன்றைக்கூட யாரும் சொல்லவில்லை.

சாப்பாட்டால் ஒன்றுமே ஆகாதா என்று கேட்டேன். “கட்டியைக் கரைக்கும்னு நிரூபிச்ச சாப்பாடு எதுவும் இல்லைம்மா. ஆனா போற ரத்தத்தை ஈடுகட்டறது சாப்பாடும் மாத்திரையும்தான். அந்தச் சாப்பாட்டைத்தான் அவங்க நிறுத்திட்டாங்க” என்றார். யோசித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. ரத்தம் கொட்டுகிற உடம்பிலிருந்து மீனையும் முட்டையையும் கறியையும் பிடுங்கிவிட்டு, சாப்பிட்ட கையோடு டீ குடிக்க வைத்திருக்கிறார்கள். டீயும் காபியும் சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் ஒட்டவிடாது.

இப்போது வாரம் ஒருநாள் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (ஆட்டு மண்ணீரல்), மற்ற நாளில் மீன், முருங்கைக்கீரை, பருப்பு, எள்ளுருண்டை. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் சத்து நன்றாக ஒட்டும். காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிவிட்டேன், அதுதான் கஷ்டமாக இருந்தது. இரும்பு மாத்திரையைப் பாலோடு போடுவதில்லை. காய்கறி, பழம், எடையைக் கட்டுக்குள் வைப்பது எல்லாம் நல்லதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 10.9க்கு வந்திருக்கிறது.

பணத்தைக் கேட்டபோது குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ரசீது கிடையாது, தனி ஆள் எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பியது. டப்பாவில் தயாரித்தவர் முகவரி இல்லை, 14 இலக்க உணவு உரிம எண்கூட இல்லை. அந்த எண் இருந்தாலும் மருந்து என்று அர்த்தமில்லை. கர்ப்பப்பைக் கோளாறைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954லிருந்தே சட்டம் இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன், நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஜிபே விவரத்தையும் குழுவில் வந்த வாழ்த்துகளையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். நீங்களும் கட்டியிருந்தால் எதையும் அழித்துவிடாதீர்கள்.

பாபநாசம் பக்கத்து அக்காவின் எண் என்னிடம் இல்லை. குழுவிலிருந்து நீக்கியதும் அதுவும் போய்விட்டது. அக்கா, இது உங்கள் கண்ணில் பட்டால், பொடியை நிறுத்திவிட்டு இன்றைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.